நாயோடு நடக்கும்போது குறுக்கே வருபவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். கருப்பன் தெருவில் கிடைத்த நாட்டு நாய், எதையும் மூக்கால்தான் பார்ப்பான். ராணி சிப்பிப்பாறை. அவளுக்குக் கண்தான் எல்லாம், தூரத்தில் ஒரு இலை அசைந்தாலும் கழுத்து நிமிர்ந்துவிடும். காலை ஐந்தரைக்கு ஒரு நடை, இரவு ஒன்பதுக்கு ஒரு நடை. வீடு சென்னையில், மேடவாக்கத்துக்கு அப்பால். பக்கத்தில் மூன்று காலி மனை, சீமைக்கருவேலம், மூடி போடாத மழைநீர்க் கால்வாய், கொஞ்சம் தள்ளி ஏரிக்கரை. தெருவில் நாய் வளர்ப்பவர்கள் மாற்றி மாற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பத்து வருடமாக நாயோடு நடக்கிறவன், அவ்வளவுதான்.

இவ்வளவு வீடுகள் வந்த பிறகும் பாம்பும் கீரியும் எங்கிருந்து வருகின்றன?

எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயேதான் இருக்கின்றன. ஒரு பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு, இன்னொரு பக்கம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம், நடுவே ஏரிகள். நகரத்துக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்காவில் நரி இருக்கிறது. நாம் மனை போட்டது இவற்றுக்கு இடையில். குப்பை இருந்தால் எலி வரும், எலி இருந்தால் சாரை வரும். தெரு விளக்கடியில் பூச்சி விழும், பூச்சிக்குத் தேரை வரும். காலி மனை என்று நாம்தான் சொல்கிறோம், அது ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

நடந்துகொண்டிருக்கும்போது நேர் எதிரே பாம்பு. முதலில் என்ன செய்ய வேண்டும்?

லீஷைச் சுருக்குங்கள். கத்துவது, கல் எடுப்பது, ஃபோனை எடுத்து வீடியோ பிடிப்பது எதுவும் வேண்டாம். நாயின் கழுத்து உங்கள் முழங்காலோடு ஒட்டி வரும்வரை கையில் சுற்றிக்கொண்டு, வந்த வழியே பின்னால் நடங்கள். ஏழெட்டு அடி தள்ளி நின்றால் போதும். பாம்பு தன் வழியில் போய்விடும். நம்மைத் துரத்திக்கொண்டு வந்து கடிக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை.

சிக்கல் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது. கருப்பன் மாதிரி மோப்ப நாய்க்குப் பாம்பு ஒரு புது வாசனை. மூக்கை நீட்டிக்கொண்டு நேராகப் போவான். அதனால்தான் நாய்களுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழுகிறது. ராணி மாதிரி பார்வை வேட்டை நாய் வேறு வகை. பாம்பு அசையாமல் கிடந்தால் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவாள், நெளிந்தால் பாய்ந்துவிடுவாள். உங்கள் நாய் எந்த ரகம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் அந்தச் சுருள் லீஷ் இந்த மாதிரி இடங்களுக்கு ஆகாது. இருட்டில் நாய் பதினைந்து அடி முன்னால் புதருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் பின்னால் ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஐந்து அடி நைலான் லீஷ் போதும்.

விஷப் பாம்பா, சாதாரணப் பாம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இருட்டில், இழுக்கும் நாயைப் பிடித்துக்கொண்டு, கண்டுபிடிக்க முயல வேண்டாம். எல்லாவற்றையும் விஷப் பாம்பாகவே நினைத்து விலகுங்கள். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ள நான்கு பெயர்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பகுதி இந்த நான்கால்தான்.

கண்ணாடி விரியன் தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்தது போல் வட்டங்கள். அது சீறுவதைக் குக்கர் ஆவி விடும் சத்தம் என்று சொல்வார்கள், அது மிகையில்லை. ஒரு கார்த்திகை இரவு கால்வாய் ஓரம் அந்தச் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ இந்நேரத்துக்குச் சமைக்கிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி கருப்பனின் காது பின்னால் மடங்கியது. டார்ச் அடித்தால் காய்ந்த தென்னை மட்டைக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது, எங்களுக்கும் அதற்கும் நடுவே ஐந்தடிகூட இல்லை. மட்டைக்கும் அதன் நிறத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சத்தம் போட்டு எச்சரித்ததற்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

சுருட்டை சின்னது. உடம்பைச் சுருட்டிச் செதில்களை உரசி, உப்புத்தாள் தேய்ப்பது போல் சத்தம் எழுப்பும். கட்டு விரியன் இரவில்தான் வெளியே வரும். கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமில்லாத பாம்பை இதுவென்று நினைத்து அடித்துக் கொல்கிறார்கள், மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்று நினைத்துக் கொல்வது போல.

பகலில் மதில் ஓரம் ஆறடி நீளத்துக்கு விர்ரென்று ஓடுவது பெரும்பாலும் சாரை. விஷம் கிடையாது, எலிகளைத் தின்று நமக்கு உதவி செய்வது. சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைகின்றன என்று ஊரே கூடி வேடிக்கை பார்க்குமே, அது இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம்.

நாயைப் பாம்பு கடித்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகும்வரை என்ன செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாதவை. கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது, மஞ்சள் அப்பக் கூடாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் எதையும் கொடுக்கக் கூடாது, அவையே நாய்க்கு நஞ்சு. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாயை நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொள்ளுங்கள். பெரிய நாய் என்றால் பெட்ஷீட்டில் கிடத்தி இரண்டு பேர் பிடியுங்கள். முகத்தில் கடி என்றால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் கழுத்துக்குப் பரவும்போது அது தொண்டையை நெரிக்கும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலியில் உங்கள் நாயே உங்களைக் கடிக்கலாம், அதை மனதில் வைத்துக்கொண்டு தூக்குங்கள்.

கிளம்புவதற்கு முன் ஃபோன் செய்து "விஷமுறிவு மருந்து இருக்கிறதா?" என்று கேளுங்கள். மிக முக்கியமானது இதுதான். எங்கள் தெரு லாப்ரடாருக்குக் கடி விழுந்த இரவு, முதல் கிளினிக்கில் மருந்து இல்லை, இரண்டாவது பூட்டியிருந்தது, மூன்றாவதில் கிடைத்தது. நாய் பிழைத்தது, ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் வீணானது. அன்றிலிருந்து மருந்து வைத்திருக்கும் இரண்டு மருத்துவமனை எண்களை ஃபோனில் வைத்திருக்கிறேன். நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தூரம் என்றால், பக்கத்தில் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் வீக்கம், வலி, ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் வரும். நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்கும்: இமை தொங்கும், எச்சில் வழியும், பின்னங்கால் தள்ளாடும், கடைசியில் மூச்சு. கட்டு விரியன் கடித்த இடத்தில் வீக்கமே இருக்காது, "ஒன்றுமில்லை" என்று ஏமாந்துவிடுவோம். மருத்துவர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மருந்து நமக்குக் கொடுப்பதும் நாய்க்குக் கொடுப்பதும் ஒன்றுதான். அந்த நான்கு பாம்புகளின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பகுதி நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் மூக்கு நீண்ட குழிவிரியன் விஷத்துக்கு இந்த மருந்து கேட்காது.

சிறியாநங்கை வைத்தால், பூண்டு போட்டால், உப்பு தூவினால் பாம்பு வராதாமே?

எங்கள் வீட்டிலும் சிறியாநங்கை இருக்கிறது. அதன் தொட்டிக்குப் பின்னால்தான் போன வருடம் சாரை சட்டை உரித்துவிட்டுப் போனது. செங்கல் குவியலையும் காய்ந்த மட்டையையும் அப்புறப்படுத்துங்கள், நாய்த் தட்டில் மிச்சச் சோற்றை இரவு முழுக்க வைக்காதீர்கள். அது எலியைக் கூப்பிடும்.

மழை பெய்த இரவு, நாய் வாயில் நுரை தள்ளுகிறது. வெறிநோயா?

பெரும்பாலும் தேரை. ஐப்பசி மழை தொடங்கியதும் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். ஈசல் பறக்கும் இரவில் தெரு விளக்குக் கம்பத்தின் அடியைக் கூர்ந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில், முதுகெல்லாம் பரு வைத்தாற்போல், கையளவுத் தேரைகள் நாலைந்து தொந்தி சாய உட்கார்ந்து விழுகிற ஈசலை நக்கிக்கொண்டிருக்கும். நாய் பக்கத்தில் போனாலும் தாவாது, உடம்பை உப்பிக்கொண்டு அப்படியே இருக்கும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னப் புடைப்பு தெரிகிறதா? அதுதான் அதன் நஞ்சுப் பை. கவ்வினால் வெள்ளைப் பால் போல ஒன்று கசியும்.

கருப்பன் முதல் வருடம் ஒன்றைக் கவ்வினான். உடனே "த்தூ" என்று துப்பிவிட்டு, தலையை உதறி, நுரை நுரையாக எச்சில் விட்டுக்கொண்டு முன்னங்காலால் வாயைத் தேய்த்தான். எதிர் வீட்டுப் பாட்டி "ஐயோ, வெறி பிடிச்சிடுச்சு" என்று கதவைச் சாத்திவிட்டார். வெறிநோய் இப்படி ஒரு நிமிடத்தில் வராது.

செய்ய வேண்டியது: தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரை விட்டு மறுபக்கம் வழியவிட்டு ஐந்து பத்து நிமிடம் கழுவுங்கள். நேராகத் தொண்டைக்குள் ஊற்றினால் நஞ்சையும் சேர்த்து விழுங்கும். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். எச்சிலோடு நின்றால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று போனால் மருத்துவமனைதான். சின்ன நாய்கள், குட்டிகள் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

ஒரு தடவை பட்டால் நாய்க்குப் புத்தி வரும் என்பார்கள். கருப்பன் மூன்று தடவை பட்டான்.

கீரி குறுக்கே ஓடினால் நல்ல சகுனமாமே?

சகுனம் நமக்கு, லீஷ் பிடித்த தோளுக்கு இல்லை. கீரி பகலில் திரியும். மதிலோரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடும். அந்த நின்று பார்ப்பதுதான் ராணியை வெறியேற்றும். மூலையில் மாட்டிய கீரி நாயை விடாமல் கடிக்கும். கீரிக்கும் வெறிநோய் வரும் என்பதால் அது சின்னக் கடி இல்லை. கோடையில் குட்டியோடு வரிசையாகப் போவதைப் பார்த்தால் எதிர்ப் பக்கச் சாலைக்கு மாறிவிடுங்கள்.

ராத்திரி மதில் மேல் பூனை மாதிரி, ஆனால் நீள வாலோடு ஏதோ போகிறது. நாய் விடாமல் குரைக்கிறது.

மரநாய். நாயும் இல்லை, பூனையும் இல்லை. மாடி அறையிலும் ஓட்டுக் கூரையிலும் பகலெல்லாம் தூங்கிவிட்டு, இரவில் பப்பாளி, சப்போட்டா, வாழைப்பழம் தேடிப் போகும். காலையில் மதில் மேல் கொட்டையும் விதையுமாகக் கிடக்கும் எச்சம் அதனுடையது. அது போன வழியில் சில நேரம் வாசனை அரிசி வெந்த மணம் அடிக்கும். கருப்பன் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று ஆராய்ச்சி செய்வான். பழம் தின்னும் பிராணி, ஆபத்து இல்லை. துரத்தவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அட்டகாசம் தாங்கவில்லை என்றால் இரவில் அது வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையை அடைத்துவிடுங்கள். உள்ளே குட்டி இல்லை என்று உறுதியானபின் மட்டும்.

உடும்பு?

வாலால் சாட்டை மாதிரி அடிக்கும், கடித்தால் விடாது. உடும்புப் பிடி என்பது சும்மா வந்த பேச்சு இல்லை. விஷம் என்று பயப்பட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. மயிலும் அப்படித்தான். உங்கள் நாய் துரத்திப் பிடித்துக் கொன்றால் "நாய்தானே செய்தது" என்று சொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள்.

பறவைகள் தலைக்கு மேல் பறந்து வந்து தாக்குகின்றன. நாயைக் கண்டாலே கத்துகின்றன.

இரண்டு பேர் இதைச் செய்வார்கள். ஒன்று ஆள்காட்டிக் குருவி. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும் காலம். கூடு என்று ஒன்றும் கட்டாது. ஜல்லி கிடக்கும் மனையில் லேசாகக் குழி பறித்துக் கூழாங்கல்லுக்கு நடுவே நான்கு முட்டை வைக்கும். நான் ஒருமுறை காலை எடுத்து வைக்கப் போன இடத்தில் "கல் ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது?" என்று குனிந்து பார்த்தால் முட்டை. மண் நிறம், கறுப்புப் புள்ளி, கூர்முனைகள் நான்கும் நடுவில் சேர்ந்திருந்தன. தாய்ப்பறவை முப்பதடி தள்ளி நொண்டி மாதிரி நடித்துக்கொண்டிருந்தது, எங்களை அந்தப் பக்கம் இழுக்க. ராணி நம்பிவிட்டாள். அந்த மனைப் பக்கம் ஒன்றரை மாதம் நாங்கள் போகவில்லை.

இன்னொன்று காகம். நீலம் பாய்ந்த கண்ணும், திறந்தால் சிவந்த வாயுமாகத் தரையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. அப்பா அம்மா மேலேதான் இருக்கிறார்கள். நாயை இழுத்துக்கொண்டு நகருங்கள். காகம் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒருமுறை பகைத்தால் வாரக்கணக்கில் மண்டையில் கொத்து விழும். குடை பிடித்துக்கொண்டு வாக்கிங் போன ஒருவரை எனக்குத் தெரியும், வெயிலுக்கு இல்லை.

நாய் அணில் குஞ்சைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது.

"விடு" என்ற சொல்லுக்கு நாய் கீழ்ப்படியுமா என்பது அன்றுதான் தெரியும். முன்கூட்டியே பிஸ்கட்டை வைத்துப் பழக்குங்கள். பறிக்கப் போனால் இறுக்கிவிடும். குஞ்சு உயிரோடு இருந்தால் துணியில் சுற்றிச் சூடாக வைத்து, அது கிடைத்த இடத்து மரத்தின் கிளையில் சின்ன அட்டைப்பெட்டியில் வையுங்கள். நாயை வீட்டுக்குள் கட்டிப்போட்டால் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். பசும்பால் ஊற்ற வேண்டாம், குஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது. காயம் இருந்தால் வனத்துறையையோ விலங்கு மீட்பு அமைப்பையோ கூப்பிடுங்கள்.

குரங்கு வந்தால்?

கையில் கவர் இருக்கக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, ஓடக் கூடாது. பல்லைக் காட்டினால் அது சிரிப்பு இல்லை. குரைக்கும் நாயைக் குரங்குக் கூட்டம் சூழ்ந்துகொண்டு அறைந்து கடித்துவிடும். கூட்டத்தைப் பார்த்தால் அன்று வேறு தெரு.

எது கடித்தால் வெறிநோய் பயம்?

பாலூட்டிகள் மட்டும்: நாய், பூனை, கீரி, நரி, குரங்கு. பாம்பு, உடும்பு, பறவை, தேரை மூலம் வராது. கடித்த இடத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் உடனே கூடுதல் ஊசி வேண்டும். உங்கள் மேல் கீறல் பட்டாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். அறிகுறி தெரிந்தபின் இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை.

பெருச்சாளி ஆபத்தா?

கடியைவிட அதன் சிறுநீர். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி கலந்திருக்கும். நாய் அதைக் குடிக்கும், நாம் செருப்புக் காலோடு அதில் நடப்போம். இரண்டு பேருக்கும் வரும். நாய்க்கு வருடாந்திர ஊசியில் இதற்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். செத்த எலியைக் கவ்வினால் கட்டாயம் பறித்தெறியுங்கள், அது யாரோ வைத்த மருந்தைத் தின்று செத்ததாக இருக்கலாம்.

கையில் என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

நல்ல டார்ச். ஃபோன் வெளிச்சம் போதாது. மூடிய ஷூ, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் பிஸ்கட். டார்ச்சை இடுப்பில் வைத்துக் கீழே அடிக்காமல், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முன்னால் அடித்துப் பாருங்கள். புல்லுக்குள் பனித்துளி மாதிரி பச்சையாக நூறு புள்ளிகள் மின்னும். கிட்டப் போனால் பனி இல்லை, சிலந்திக் கண்கள். பாம்புக் கண் அப்படி மின்னாது, அதனால் மின்னாத இடத்தில்தான் கவனம் வேண்டும். காலை ஊன்றி நடங்கள், தரை அதிர்வு பாம்புக்குத் தெரியும்.

வீட்டுக்குள்ளேயே பாம்பு வந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

தீயணைப்பு மீட்புப் பணி, 101 அல்லது 112. அவர்கள் வரும்வரை நாயை வேறு அறையில் கட்டிவிட்டு, பாம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கொம்பைக்கூட எடுக்கவில்லை. குளியலறை மூலையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "சார், தண்ணிப் பாம்பு, பயந்துபோய் இருக்கு. முதல்ல உங்க நாயைக் கத்தாம இருக்கச் சொல்லுங்க" என்றார்.